ரெண்டு கோடு சார்ஜ்

இல்ல கண்ணு, எனக்கு டீ வேண்டாம். நீ முதல்ல உக்காரு. மேனேஜர் சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்னு சட்டமா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் வந்ததுலேருந்து பாக்கறேன், ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்கறே. உக்காரு.

பழைய பேட்டரி வண்டிய உள்ள கொண்டுபோயிருக்காங்க. சார்ஜ் போட்டுச் சோதிச்சுப் பாத்துத்தான் எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்கலாமா வேண்டாமான்னு சொல்வாங்களாம். ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. ஆகட்டும். இன்னிக்குன்னா இன்னிக்கே புது வண்டி வேணும், அவ்வளவுதான். இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை காலையில என்ற பொண்ணு ஸ்கூல்ல டி.சி. வாங்க வர்றா. ஸ்கூல் ஆபீஸ்லேருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. அவளே கைப்பட லெட்டர் எழுதிக் குடுத்திருக்கறாளாம். அதுக்கு முன்னாடி வண்டி அவ கண்ணுல பட்டாகணும்.

பேரு மிதுனா. பதினாறு முடிஞ்சுபோச்சு. பிளஸ் டூ போகணும். இப்ப அவங்கப்பாகிட்ட இருக்கறா, பள்ளிபாளையத்துல. நாப்பத்திரெண்டு நாள் ஆச்சு. அங்கேருந்து திண்டல் ஸ்கூலுக்கு வர்றது தூரமா இருக்குதாம். அதனால அந்தப் பக்கமே ஒரு ஸ்கூல்ல சேந்துக்கறேன்னு லெட்டர்ல எழுதியிருக்கறா. தூரம்னு எழுதியிருக்கறா, கவனிச்சுக்கோ. அம்மா புடிக்கலைன்னு எழுதல. தூரந்தான் பிரச்சினைன்னா அத வண்டியில தீத்துரலாம், இல்லையா?

இது எவ்வளவு தூரம் போகும்னு சொன்னே? நூறா. போர்டுல நூறுன்னு போட்டிருக்கு, நெஜமா எவ்வளவு? எண்பதா. சரி, நீ பொய் சொல்லல, உன்னைப் புடிச்சிருக்கு எனக்கு. எண்பது போதும். தாராளம். அங்கேருந்து ஸ்கூலுக்கு வந்து, நம்ம வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மறுபடி அங்க போறதுன்னாலும் போகலாம். போறதுன்னாலும்தான் சொல்றேன்.

வேகம் இருபத்தஞ்சுதானே? லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், அது அப்படியேதானே? ம். கலரு இந்த ரெண்டுதான் இருக்கா? நீலமும் வெள்ளையும். சரி. கலருக்கு அப்புறம் வர்றேன்.

அந்தப் பழைய வண்டி சரியில்ல கண்ணு. எடுத்த நாள்லேருந்தே சரியில்ல. சார்ஜே நிக்காது.

போன வருசம் ஜூன்ல இதே கடைக்குத்தான் வந்தோம். நீ அப்ப இல்ல. தாடி வெச்ச ஒரு தம்பி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் நானேதான் மிதுனாவ என்ற வண்டியில கொண்டுபோய் ஸ்கூல்ல விடுவேன், நானே கூட்டிக்கிட்டு வருவேன். எல்.கே.ஜி.லேருந்து. ஒரு நாள் தவறினது இல்ல. அப்புறம் எங்க கம்பெனில ஷிப்ட காலைல ஏழு மணிக்கு மாத்திட்டாங்க. பெட்ஷீட் கம்பெனி. நான் செக்கிங்ல இருக்கறேன். கீழ லைட் போட்ட கண்ணாடி மேசை, மேல துணி ஓடும். இழை அறுந்தது, எண்ணெய்க் கறை, ஒரே ஒரு நூல் நெறம் மாறினது, எல்லாத்தையும் நின்ன இடத்துலேருந்தே புடிச்சுருவேன். பதினாலு வருசமா என்ற மேசையத் தாண்டி ஒரு குறையும் வெளிய போனதில்ல. எங்க சூப்பர்வைசரே சொல்லுவாரு, பூங்கொடி கண்ணுக்குத் தப்பாதுன்னு.

அதனால வண்டியும் நான்தான் பாத்தேன். அந்தத் தம்பி ஒவ்வொண்ணா காட்டுது. இது அறுபது போகும் மேடம், இது எண்பது போகும் மேடம். நான் கேட்டேன், "எவ்வளவு தூரத்துக்கு மேல போகாது, அதச் சொல்லுங்க தம்பி." அது சிரிச்சுப்போட்டுது. "எல்லாரும் கூடத்தான் கேப்பாங்க மேடம், நீங்கதான் கம்மியா கேக்கறீங்க"ன்னுச்சு. மிதுனா தலையக் குனிஞ்சுக்கிட்டா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டறவங்கள எதுக்குக் கட்டறீங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா?

அவ ஒரு நீல வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டா. எறங்கவே இல்ல. ஹேண்டில் பார் புடிச்சுக்கிட்டு, கண்ணாடியத் திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டு. அது எண்பது போற வண்டி. நான் வெள்ளைய எடுத்தேன், அது நாப்பதுதான் போகும். நீலம் எதுக்கு? அவங்கப்பா ஒரு பழைய நீல வண்டி வெச்சிருந்தாரு, நாள் பூரா அதத் தொடைச்சுக்கிட்டே இருப்பாரு. எங்க வீட்டுக்கு அந்தக் கலரு ஆகல. "வெள்ளைன்னா எல்லாருக்கும் நல்லாத் தெரியும், பாதுகாப்பு"ன்னு சொன்னேன். "சரிம்மா"ன்னா. என்ற பொண்ணு அப்படித்தான். எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டா.

அவங்கப்பா பேரு சென்னியப்பன். மோட்டார் காயில் கட்டற வேலை. தறி மோட்டார் எரிஞ்சுதுன்னா அவருகிட்டத்தான் கொண்டுட்டு வருவாங்க. கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. ஆனா வீட்டுல பேசவே மாட்டாரு கண்ணு. நான் பேசப் பேச செம்புக் கம்பியச் சுத்திக்கிட்டே இருப்பாரு. ஆறு வருசத்துக்கு முன்னாடி, "பூங்கொடி, என்னால முடியல"ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாரு. அவ்வளவுதான். கோர்ட்டுல, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ணப் பாத்துக்கலாம்னு எழுதிக் குடுத்தாங்க. நான் ஒரு நாளும் குறுக்க நின்னது இல்ல. ஞாயித்துக்கிழமை டியூசன் வந்துடுச்சு, அப்புறம் ஹிந்தி கிளாஸ் வந்துடுச்சு, நான் என்ன பண்றது? அவரும் கேக்கல. கேக்கத் தெரியாத மனுசன்.

அந்த வண்டிக்கு மீட்டர்ல அஞ்சு கோடு. முழு சார்ஜ்னா அஞ்சும் எரியும். ஒரு கோட்டுக்கு எட்டு கிலோமீட்டர். நான் முதல் வாரமே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஸ்கூலுக்குப் போக வர ஆறு, டியூசனுக்கு அஞ்சு. ஆக பதினொண்ணு. ரெண்டு கோடு போதும். அஞ்சு கோடு எதுக்கு? பொழுதோட அவ வந்ததும் போர்ட்டிகோவுல சார்ஜ் போடுவா. நான் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போறப்போ பாப்பேன். ரெண்டு கோடு ஏறினதும் பிளக்க எடுத்துருவேன்.

எதுக்கு அப்படிப் பாக்கறே? பேட்டரிய ராத்திரி பூரா சார்ஜ்ல விட்டா வெடிக்குதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, பாக்கலையா நீ? பாதுகாப்புக்குத்தான். அளவாத்தான் போடணும்.

மூணு தடவை கேட்டா. "ஏம்மா ரெண்டு கோடுதான் ஏறியிருக்கு?" கரண்ட் போயிருச்சுன்னேன் ஒரு தடவை. வோல்டேஜ் இல்லன்னேன் ஒரு தடவை. மூணாவது தடவை என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் கேக்கல. புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன்.

இப்படியே நல்லாத்தான் போச்சு. ஜனவரில ஒரு சனிக்கிழமை. பொங்கலுக்கு அப்புறம். அவளுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், ஒன்பதுக்குப் போனா அஞ்சுக்கு வருவா. அன்னிக்கு ரெண்டு கோட்டோட போன வண்டி, நாலு கோட்டோட வந்து நின்னுது.

நீயே சொல்லு. ஊர் சுத்திட்டு வர்ற வண்டியில சார்ஜ் கூடுமா? போனப்ப இருந்தத விட வந்தப்ப கூட இருக்குமா? நான் சீட்டத் தூக்கிப் பாத்தேன். பேட்டரியத் தொட்டுப் பாத்தேன். உங்க கடைக்கே போன் பண்ணிக் கேட்டேன். அந்தத் தாடித் தம்பிதான் எடுத்துச்சு. "இறக்கத்துல வந்தா கொஞ்சம் ஏறும் மேடம்"னு சொல்லுச்சு. ஸ்கூலுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ரெண்டு கோடு ஏறற அளவுக்கு மலையா இருக்கு?

யாரோ சார்ஜ் போட்டுக் குடுக்கறாங்க. என்ற பொண்ணு வண்டிக்கு யாரோ ஒருத்தர் சார்ஜ் போட்டுக் குடுக்கறாங்க.

அந்த வாரம் பூரா இதையேதான் தேடினேன். பதினாறு வயசுப் பொண்ணு வண்டிக்கு வேற யாரு போடுவா? நோட்டப் பாத்தேன், பையப் பாத்தேன், போனப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்லைங்கறதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. அடுத்த சனிக்கிழமை கம்பெனில லீவு சொல்லிட்டு, தெருமுனையில ஆட்டோ புடிச்சு நின்னேன். அவ வெளிய வந்ததும், "அந்த வெள்ளை வண்டி பின்னாடியே போங்க"ன்னேன்.

ஆட்டோக்காரரு பாவம். "அக்கா, வேகமாப் போறவனத் தொரத்தலாம். இருபத்தஞ்சுல போற புள்ளைய எப்படிக்கா தொரத்தறது? நான் முந்திருவனே"ங்கறாரு. நெசம்தான். ரெண்டு தடவை முந்திட்டோம். ஒரு டீக்கடையில ஓரமா நிறுத்தி அவ தாண்டிப் போறவரைக்கும் நான் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அவரு இறங்கி ஒரு வடையே தின்னு முடிச்சுட்டாரு. "உங்க பொண்ணுங்களாக்கா? நல்லா ஓட்டுது. எல்லாத் திருப்பத்துலயும் இண்டிகேட்டர் போடுது"ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு.

ஸ்கூல் கேட் வந்துச்சு. அவ உள்ள போகல. நேரா போறா. பஸ் ஸ்டாண்டத் தாண்டிப் போறா, கருங்கல்பாளையம் தாண்டிப் போறா. காவிரிப் பாலம் ஏறினதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையம். அவங்கப்பா கடைக்கு எதுத்தாப்புல ஒரு மரக்கடை. அந்த நெழல்ல ஆட்டோவ நிறுத்தச் சொன்னேன். வண்டி போய் நின்னதும் அவரு உள்ளேருந்து ஒயர் இழுத்துக்கிட்டு வர்றாரு. கேக்கவே இல்ல, என்ன ஏதுன்னு. பழக்கமான கை. பிளக்க வேட்டி நுனில தொடைச்சுட்டுச் சொருகறாரு. இவ ஒரு பழைய மோட்டார் டப்பாவக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து ரெக்கார்டு நோட்டுல படம் வரையறா. அவரு காயில் சுத்தறாரு. அரை மணி நேரம் பாத்தேன். அவரு ஏதோ ஒண்ணு சொன்னாரு. அந்த மனுசன், வீட்டுல வாயே தொறக்காத மனுசன், ஏதோ சொன்னாரு. இவ சிரிச்சா பாரு. நோட்டு கீழ விழுந்துபோச்சு. அந்தச் சத்தம் ரோட்டத் தாண்டி எனக்குக் கேட்டுச்சு. அப்படி ஒரு சிரிப்ப நான் வீட்டுல கேட்டதே இல்ல. வீட்டுல சிரிக்க என்ன இருக்கு? படிக்கற புள்ள.

எறங்கிப் போகல நான். போயிருந்தா சண்டை வந்திருக்கும். எனக்குச் சண்டை புடிக்காது. நேரா வீட்டுக்கு வந்துட்டேன். அவகிட்டயும் ஒண்ணும் கேக்கல. "கிளாஸ் எப்படி இருந்துச்சு?"ன்னேன். "நல்லா இருந்துச்சும்மா"ன்னா. அவ்வளவுதான்.

அன்னிலேருந்து ஒரு கோடு.

டியூசனுக்கு நானே கொண்டுபோய் விட்டேன், பிரச்சினை இல்ல. ஸ்கூலுக்குப் போக வர ஆறு கிலோமீட்டர், ஒரு கோடு சரியா இருக்கும். பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் சனிக்கிழமை ஸ்கூலே உண்டுன்னு இருந்தா. மார்க்கும் ஏறுச்சு. நான் சொல்லவும் இல்ல, அடிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. வேற யாராச்சும் இருந்தா வண்டியவே வித்திருப்பாங்க. எத்தனை பதமா முடிச்சேன் பாரு.

பரிட்சை முடிஞ்ச மறுநாள் சனிக்கிழமை. பிளஸ் டூ பாடம் ஆரம்பிக்கறாங்கன்னு கிளம்பிப் போனா. ஒரு கோட்டோட.

பஸ் ஸ்டாண்டத் தாண்டினதுமே வண்டி நின்னுபோச்சு. அப்புறம் தள்ளியிருக்கறா கண்ணு. ஏப்ரல் வெயில்ல. வண்டி எழுபது கிலோ, அவ நாப்பத்திரெண்டு கிலோ. வண்டிய எங்கயாச்சும் ஓரமா விட்டுட்டு பஸ் ஏறியிருக்கலாம். திருட்டுப் போயிட்டா அம்மா திட்டுவாங்கன்னு தள்ளிக்கிட்டே போயிருக்கறா. நான் எப்பத் திட்டியிருக்கறேன்? பாலத்து மேல பாதி தூரத்துல, பின்னாடி பஞ்சு மூட்டை ஏத்தின லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சிருக்கு. இவ ஓரமா ஒதுங்கியிருக்கறா. வண்டி சாஞ்சு அவ மேலயே விழுந்திருச்சு. இடது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. முழங்கால் பூரா சிராய்ப்பு. லாரி ஒண்ணும் பண்ணல, சாமி புண்ணியம். பால முனையில இருந்த டீக்கடைக்காரங்க ஓடி வந்து தூக்கியிருக்காங்க. யாருக்கும்மா போன் பண்ணனும்னு கேட்டிருக்காங்க.

அப்பான்னு சொல்லியிருக்கறா.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பக்கமா இருந்துச்சு, அதனால சொல்லியிருப்பா. அதுல ஒண்ணுமில்ல.

எனக்குத் தெரிஞ்சு நான் போறதுக்குள்ள மாவுக்கட்டே போட்டாச்சு. சின்ன ஆஸ்பத்திரி. வெளிய ஒரு நர்ஸ் பொண்ணு, உன்ற வயசுதான் இருக்கும், என்னைப் பாத்து, "அவ்வளவு தூரம் தள்ளாட்டி என்னம்மா, முன்னாடியே அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கலாமேன்னு கேட்டேன். பண்ணினா வண்டில ஏன் சார்ஜ் இல்லைன்னு அப்பா கேப்பாருன்னு சொல்லுதும்மா உங்க பொண்ணு"ன்னா. என்னமோ வெகுளியாச் சொல்லிட்டுப் போயிட்டா.  

உள்ள போனேன். அவரு கட்டில்கிட்ட நிக்கறாரு. ஆறு வருசத்துக்கு அப்புறம் என்ற முகத்தப் பாத்துப் பேசறாரு. பேசினது என்ன தெரியுமா? "பூங்கொடி, உன்ற வீட்டுச் சார்ஜர் வீக்கா இருக்குது. பேட்டரியப் பிரிச்சே பாத்துட்டேன், அதுல குறை இல்ல. புதுச் சார்ஜர் ஒண்ணு வாங்கி மிதுனாகிட்டக் குடுத்துவிட்டேனே, நீ அதப் போடலையா?"

சத்தியமா எனக்குத் தெரியாது அப்படி ஒரு சார்ஜர் இருக்குன்னு.

நான் மிதுனாவப் பாத்தேன். மிதுனா என்னைப் பாத்துக்கிட்டு இருக்கறா. கோவமா இல்ல கண்ணு. கோவமாப் பாத்திருந்தா எனக்குப் பேசத் தெரியும். அது என்ன பார்வைன்னா... கேள்வியக் கேட்டுட்டு ஒருத்தர் வாயையே பாத்துக்கிட்டு இருப்போம் பாரு, அப்படி. அவரும் நிக்கறாரு. ரெண்டு பேரும் நான் என்ன சொல்லப்போறேன்னு நிக்கறாங்க.

"ஆமா, சார்ஜர்தான் வீக்கு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்"னு சொன்னேன்.

வேற என்ன சொல்லணுங்கறே? அந்த எடத்துல?

அவ மெதுவாத் திரும்பிச் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. அதோட சரி. பொழுதோட டிஸ்சார்ஜ் பண்ணினாங்க. நான் ஆட்டோ கூப்பிடப் போனேன். திரும்பி வந்தா, அவங்கப்பா வண்டியில பின்னாடி உக்காந்திருக்கறா, கட்டுப் போட்ட கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. "நான் அப்பாகூட இருக்கேன்"ன்னா. என்னைப் பாத்துச் சொல்லல. மாவுக்கட்டப் பாத்துச் சொன்னா. அவரு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கறாரு. அவருக்கும் தெரியாது, சத்தியமா. அவ எதுக்குப் போனான்னு அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நாப்பத்திரெண்டு நாளா யோசிக்கறேன். துணில குறை இருந்தா விரல வெச்ச எடத்துல தெரியும் எனக்கு. இதுல விரலு எங்க வெக்கறதுன்னே தெரியல.

போன் பண்ணினா எடுக்க மாட்டா. மெசேஜ் அனுப்பினா ரெண்டு நீல டிக் விழும். படிச்சிருக்கறா, அது வரைக்கும் சந்தோசம். "சாப்பிட்டியா"ன்னு அனுப்புவேன். ரெண்டு டிக். "கை வலி எப்படி இருக்கு"ன்னு அனுப்புவேன். ரெண்டு டிக். நேர்ல ஒரு நாள் போனேன். கடை வாசல்ல நின்னு கூப்பிட்டேன். உள்ள இருந்தா. கவுத்துப் போட்ட அந்த டப்பா ஆடினது எனக்குத் தெரிஞ்சுது. வெளிய வரல. அவருதான் வந்து, ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு, "கொஞ்ச நாள் போகட்டும் பூங்கொடி"ன்னாரு. எத்தனை நாள்? கேக்கத்தான் நெனைச்சேன். அதுக்குள்ள உள்ள போயிட்டாரு.

இந்தா, இதப் பாரு. இதுதான் அந்தச் சார்ஜர். பெட்டி பிரிக்கவே இல்ல பாரு, டேப்பு அப்படியே இருக்கு. அவ அலமாரில, ஸ்கூல் யூனிபார்முக்கு அடியில இருந்துச்சு. போன வாரம்தான் எடுத்தேன். எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கறா? குடுத்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ஒண்ணு, வீட்டுச் சார்ஜர் வீக்கு இல்லன்னு அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம். இல்ல, எங்கிட்ட வந்து நேரா, "ஏம்மா இப்படிப் பண்றே"ன்னு கேட்டிருக்கலாம். ரெண்டும் பண்ணாம நடுவுல நின்னிருக்கறா, ஒரு வருசம். அந்தப் பக்கம் அப்பாகிட்ட, "எங்க வீட்டுல கரண்ட் சரியில்லப்பா"ன்னு சொல்லிக்கிட்டு.

இது புது வண்டிக்குச் சேருமா பாரு. சேராதா. சரி, உள்ள வெச்சுக்கறேன்.

இந்த வண்டியில போன்ல எல்லாம் பாக்கலாமாம், போஸ்டர்ல போட்டிருக்கே. வண்டி எங்க நிக்குது, எங்க போகுதுன்னு. அது... வேண்டாம். எனக்கு வேண்டாம். நான் இனிமே அதெல்லாம் பாக்கப்போறது இல்ல. அஞ்சு கோடும் ஏத்திக்கட்டும், எங்க வேணும்னாலும் போகட்டும்.

அது எல்லா போன்லயும் வருமா? இல்ல, சும்மாத் தெரிஞ்சுக்கத்தான். ஒரு குறிப்பிட்ட தூரத்தத் தாண்டினா மணி அடிக்கும்னு வேற போட்டிருக்கு. சரி விடு. போஸ்டர அப்படி ஒட்டி வெச்சா கண்ணு போகத்தானே செய்யும்.

யாரு, மெக்கானிக்கா? சொல்லுங்க தம்பி. எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்குவீங்களா? வண்டில ஒரு குறையும் இல்லீங்களா? சார்ஜர்? அதுவும் நல்லா இருக்குதுங்களா. ம். வெளிய கொண்டுவந்துட்டீங்களா, சரி.

கண்ணு, அங்க பாரு. மீட்டரப் பாரு. அஞ்சும் எரியுது. வாங்கின அன்னிக்கு இந்தக் கடையில பாத்தது. அதுக்கப்புறம் இப்பத்தான் பாக்கறேன். இந்த வண்டி இத்தனை நாளும் அஞ்சு கோடும் ஏறற வண்டியாத்தான் இருந்திருக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. முந்தானை நுனி கண்ணுல பட்டிருச்சு.

உன்ற பேரு வினோதினிதானே? சட்டையில போட்டிருக்கு. வினோதினி, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. உன்ற போன்லேருந்து ஒரு கால் பண்ணு. என்ற நம்பர்னா எடுக்க மாட்டா. உங்க வேலையே கஸ்டமருக்குப் போன் பண்றதுதானே, தப்பு ஒண்ணுமில்ல. ஷோரூம்லேருந்து பேசறேன்னு சொல்லு. நான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்லாத. உங்க அம்மா புது வண்டி புக் பண்ணியிருக்காங்க, எண்பது கிலோமீட்டர் போகும், இன்னிக்கே டெலிவரின்னு சொல்லு. கலரு நீலமா வெள்ளையான்னு மட்டும் கேளு. அவ்வளவுதான். நீலம்னு சொன்னா நீலமே எடுத்துக்கறேன். போன தடவை நான் எடுத்தேன், இந்தத் தடவை அவ எடுக்கட்டும்.

கூச்சமா இருக்கா? எனக்கும்தான் கண்ணு கூச்சமா இருக்கு. பெத்த பொண்ணுகிட்டப் பேச உன்ற கால்ல விழற மாதிரி உக்காந்திருக்கறேன். திங்கக்கிழமை அவ டி.சி. வாங்கிட்டான்னா முடிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட வர்றதுக்கு அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. நம்பரச் சொல்றேன், போடு.

அடிக்குதா?

எடுத்துட்டாளா. நல்லாப் பேசு. ஆ, அப்படித்தான். ஷோரூம்னு சொல்லு.

எண்பது கிலோமீட்டர்னு சொல்லு, அத விட்டுட்டே.

என்ன சொல்றா? பேச மாட்டேங்கறாளா? லைன்ல இருக்கறாளா? கலரு கேளு. நீலமும் இருக்குன்னு சொல்லு.

என்ன? என்ன கேட்டா? எதுக்கு இப்படி என்னைப் பாக்கறே? போனப் பொத்திக்கிட்டுச் சொல்லு.

சார்ஜர் யாருகிட்ட இருக்கும்னு கேட்டாளா.

அது மட்டுந்தான் கேட்டாளா? கலரு சொல்லலையா?

அவகிட்டயேதான் இருக்கும்னு சொல்லு. புதுசு, அவ கையிலயே குடுத்துருவோம்னு சொல்லு. சொல்லு கண்ணு, காத்துக்கிட்டு இருப்பா. இல்ல, இரு. இரு. சொல்லாத. வெச்சுடாத. அத இங்க குடு. குடுன்னா.

மிதுனா.

அம்மாதான். வெச்சுடாத சாமி. கலரு கேக்கல நான். வண்டியப் பத்திப் பேசல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சுடறேன். அன்னிக்கு ஆஸ்பத்திரில அப்பா கேட்டாரு இல்ல, அப்ப நான் சொன்னேன் இல்ல.

சார்ஜர் நல்லாத்தான் கண்ணு இருந்துச்சு. நான்தான் எடுத்துருவேன். தினமும். நான்தான்.

மிதுனா?

வினோதினி, அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்தும்மா. கட் பண்ணல, லைன்லதான் இருக்கறா. எனக்குச் சரியாக் கேக்கல.